விளைபொருளுக்குரிய பணம் கைசேரும் வழிகள்

செட்டிகுளத்தில் அதிகாலையிற் பறிக்கப்படும் ஒரு பெட்டி பப்பாசிக்கும், களஞ்சியத்திற் கட்டிவைக்கப்பட்டிருக்கும் ஒரு மூடை நெல்லுக்கும் உள்ள வேறுபாட்டைக் கமக்காரருக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. முன்னது சில நாட்களுக்கு மேற் பொறாது. பின்னது அடுத்த போகம் வரையும் பொறுத்திருக்கும். பொருளைக் கட்டும்போதும் ஏற்றும்போதும் இவ்வேறுபாட்டை மறவாத கமக்காரர், அப்பொருளுக்குப் பணம் பெறும் வழியைத் தெரிவுசெய்யும்போது மட்டும் அதனை மறந்துவிடுவதுண்டு. அம்மறதியால் நேரும் நட்டத்தையும், அதனைத் தவிர்க்கும் முறைகளையும் விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

முன்னாளில் இக்கேள்வி பெரிதாக எழவில்லை. நெல்லுக்கு 1948 ஆம் ஆண்டு முதல் உத்தரவாத விலைத் திட்டம் இருந்தது. கமக்காரர் நெல்லைக் கூட்டுறவுச் சங்கத்திற் கொடுத்துப் பணம் பெற்றனர். 1971 ஆம் ஆண்டில் நெல் சந்தைப்படுத்தல் சபை அமைக்கப்பட்டது. காய்கறியைப் பொறுத்தவரை, வவுனியாவுக்கோ தம்புள்ளைக்கோ லொறியில் ஏற்றி, கழிவு வியாபாரியிடம் ஒப்படைத்து, அவர் எழுதிக்கொடுக்கும் துண்டை வாங்கிவருவதே வழக்கம். அத்துண்டிற் குறித்த விலை குறைவாயினும், துண்டை எழுதியவரின் கடை மறுநாளும் அதேயிடத்தில் இருக்கும் என்பது ஓர் ஆறுதல்.

2020 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் விதிக்கப்பட்டுச் சந்தைகள் மூடப்பட்டபோது, நகரத்தார் பலர் காய்கறியையும் அரிசியையும் தொலைபேசியிற் கேட்டு வீட்டிலிருந்தே வாங்கப் பழகினர். ஊரடங்கு நீங்கியபின்னும் அப்பழக்கம் முற்றாக நீங்கவில்லை. வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் விளைபொருளின் படத்தை இட்டு, வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்போருக்கு நேரே விற்க இன்று கமக்காரராலும் முடிகிறது. மதவாச்சியிலிருந்து மடு வீதி வரையான புகையிரதப் பாதை 2013 ஆம் ஆண்டில் மீளத் திறக்கப்பட்டதிலிருந்து செட்டிகுளத்திற்குப் புகையிரதமும் உண்டு. பஸ்ஸும் பொதி கொண்டுசெல்லும் சேவைகளும் உள. பொருள் போவதற்கு வழி எளிதாயிற்று. பணம் வருவதற்குரிய வழியோ பலவாகக் கிளைத்து நிற்கின்றது. வாங்குபவர் முன்பின் கண்டறியாதவர். அவருடைய கடை நாளை எங்கே இருக்கும் என்ற கேள்விக்கே இடமில்லை, ஏனெனில் அவருக்குக் கடையே இல்லை. ஆகவே, பொருள் முதலிற் செல்வதா, பணம் முதலில் வருவதா என்பதை விற்பவரே தீர்மானித்தல் வேண்டும்.

நட்டம் யாரைச் சாரும்?

பணம் பெறும் முறைகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் கட்டணத்தையே முதலிற் கேட்பர். கட்டணம் கவனிக்கத்தக்கதே. எனினும் அதற்கு முன்னர்க் கேட்கவேண்டியது, கொடுக்கல் வாங்கல் இடையில் முறிந்துபோனால் நட்டம் யாரைச் சாரும் என்பதாகும். ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும்.

ஒரு பெட்டி பப்பாசியின் விலை 2,000 ரூபா எனவும், பயிர்ச்செலவு, பறிகூலி, பெட்டி ஆகியவற்றிற்கு 1,400 ரூபா எனவும் கொள்வோமாயின், எஞ்சுவது 600 ரூபா. பொதி அனுப்பும் கூலியான 500 ரூபாவை வாங்குபவர் பொருளைப் பெறும்போது விலையுடன் சேர்த்துக் கொடுப்பதாக ஒப்பந்தம். இவ்வாறு அனுப்பிய ஐந்து பெட்டிகளில் நான்கு விலையாகி, ஒன்றை வாங்குபவர் ஏற்க மறுத்துவிட்டார். அப்பழம் திரும்பிவந்து பயனில்லை. நான்கு பெட்டியின் இலாபம் 2,400 ரூபா. மறுக்கப்பட்ட பெட்டியால் இழந்தது 1,400 ரூபாவும் கூலி 500 ரூபாவுமாக 1,900 ரூபா. ஐந்து பெட்டிக்கும் உழைத்தவர் கையில் மிஞ்சியது 500 ரூபா மட்டுமே. இரண்டு பெட்டிகள் மறுக்கப்பட்டிருப்பின், அவர் 2,000 ரூபா நட்டத்துடன் வீடு திரும்புவார்.

அதே விலையும் அதே செலவும் உள்ள மொட்டைக்கறுப்பன் அரிசிப் பொதியாயின், ஒன்று மறுக்கப்பட்டாற் போகும் கூலியும் திரும்பும் கூலியுமாக 1,000 ரூபாவே நட்டம். அரிசி அரிசியாகவே வீடு வந்துசேரும், அதனை இன்னொருவருக்கு விற்கலாம். உழுந்து, பயறு, கச்சான், எள், செத்தல் மிளகாய் ஆகியனவும் அரிசியைப் போன்றவையே. கத்தரி, வெண்டி, பயற்றை, பாகல், கீரை, பப்பாசி என்பன பழத்தின் இனத்தவை. பூசணி இரண்டிற்கும் நடுவில் நிற்கும்.

இக்கணக்கிலிருந்து பெறப்படுவது யாதெனில், அழுகும் பொருளை முன்பின் அறியாதவருக்கு அனுப்புமிடத்துப் பணம் முழுவதும் முன்னரே வந்துசேர்தல் வேண்டும். கெடாத பொருளாயின் ஓரளவு விட்டுக்கொடுக்கலாம்.

பொருளைக் கொடுத்துக் கையிற் பணம் பெறுதல்

ஊருக்குள்ளும் வவுனியா நகரிலும், விற்பவரே நேரிற் கொண்டுசென்று கொடுக்கும்போது, கையிற் பணம் பெறுவதைவிடச் சிறந்த முறை வேறில்லை. அதிற் கட்டணம் எதுவும் கழிக்கப்படுவதில்லை. பணம் வந்ததா என்ற ஐயமுமில்லை. சில்லறை வைத்திருத்தலும், தாளை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தலும் போதும்.

தொலைவிலுள்ளோருக்குப் பொதிச் சேவை மூலம் அனுப்பி, பொருளைக் கொடுக்குமிடத்திற் பணம் வாங்குவிப்பது வேறு வகையானது. அது புதிதுமன்று. முன்னர் புத்தகங்களும் மருந்துகளும் வி.பி.பி. எனப்படும் அஞ்சல் முறையில் இவ்வாறே வந்தன. தபாற்காரர் பணத்தை வாங்கிக்கொண்டே பொதியைக் கொடுப்பார். இன்று தனியார் சேவைகளும் இதனைச் செய்கின்றன. நகரத்து வாங்குநர் இம்முறையையே பெரிதும் விரும்புவர், ஏனெனிற் பொருளைக் காணாமற் பணங் கொடுக்க அவர்களும் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் இம்முறையில் விற்பவரின் பணம் முதலிற் பொதிச் சேவையாளரின் கையிற் சேர்ந்து, சில நாட்கள் கழித்தே அவரிடமிருந்து வரும். ஆதலின் அச்சேவையுடன் உடன்படுமுன், பணம் எத்தனை நாளில் எந்தக் கணக்கில் இடப்படும், ஒவ்வொரு பொதிக்கும் எவ்வளவு கழிக்கப்படும், மறுக்கப்பட்ட பொதிக்குத் திரும்பும் கூலி உண்டா என்பவற்றை எழுத்திற் பெற்றுக்கொள்ளல் வேண்டும். அரிசிப் பொதி அனுப்புவோர், இருவழிக் கூலிக்கு ஈடான தொகையையேனும் முன்பணமாகப் பெற்று, மிகுதியைப் பொருள் கொடுக்குமிடத்தில் வாங்குவிக்கலாம். முன்பணம் கொடுத்தவர் பொதியை மறுப்பது அரிது. மறுத்தாலும் கூலி நட்டமில்லை.

வங்கிக் கணக்கு

செட்டிகுளத்துக் கமக்காரருக்கு மிகவும் ஏற்றது, வாங்குபவர் தம் வங்கியிலிருந்து விற்பவரின் கணக்கிற்கு நேரே பணம் மாற்றும் முறையாகும். நெற்செய்கைக்கான உரமானியம் 2016 ஆம் ஆண்டிற் பணமாக்கப்பட்டு வங்கிக் கணக்குகளில் இடப்பட்ட காலந்தொட்டே பலரிடம் கணக்குப் புத்தகம் உண்டு. சாதாரண சேமிப்புக் கணக்கே தொடக்கத்திற்குப் போதுமானது.

வங்கிக்கு வங்கி பணம் செல்லும் வழிகள் இரண்டு. சி.ஈ.எப்.டி.எஸ். எனப்படும் முறை 2015 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. லங்காகிளியர் என்று முன்னர் வழங்கிய லங்காபே நிறுவனம் அதனை நடத்துகின்றது. இதில் இரவு பகல் என்ற வேறுபாடின்றிப் பணம் உடனுக்குடன் வந்துசேரும். ஸ்லிப்ஸ் எனப்படும் பழைய முறையிற் கொடுப்பனவுகள் தொகுதியாகச் சேர்க்கப்பட்டு அனுப்பப்படுவதால் தாமதம் உண்டு. மாலையில் அனுப்பியது அடுத்த வேலைநாளிலும் வரலாம். வாங்குபவர் பணம் அனுப்பிவிட்டதாக உண்மையாகவே கூறியும் கணக்கில் அது காணப்படாமைக்கு இதுவும் ஒரு காரணம். அவரைப் பொய்யர் என எண்ணிக் கடிந்துகொள்ளுமுன் எந்த வழியில் அனுப்பினார் என்று கேட்டறிதல் நன்று. மாற்றத்திற்கான சிறு கட்டணத்தை அனுப்புபவரின் வங்கி அவரிடமே பெற்றுக்கொள்ளும்.

வங்கிப் பொறியிற் காசாகவே வைப்பிலிடுவோரும் உளர். பணம் உடனே சேரினும், இட்டவர் யார் என்பது கணக்கிலிருந்து சிலவேளைகளில் விளங்காது. ஒரே நாளில் மூவர் 2,000 ரூபா இட்டால் யாருடைய பெட்டியை ஏற்றுவது? இதற்காக ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் இலக்கமிட்டு, அதனைக் குறிப்பாக எழுதும்படி வாங்குபவருக்கு அறிவித்தல் வேண்டும். விலையைச் சற்றே வேறுபடுத்தி, ஒருவருக்கு 2,001 என்றும் மற்றவருக்கு 2,002 என்றும் கூறுவதும் எளிய உபாயமாகும்.

இம்முறையில் நேரும் பெருந்தீங்கு பற்றுச்சீட்டுப் படத்தால் வருவது. பணம் மாற்றியதற்குச் சான்றாக வாங்குபவர் சீட்டின் படத்தை அனுப்புவர். அது பணமன்று, பணத்தின் படமுமன்று. கைத்தொலைபேசியில் ஒருவர் சில நிமிடங்களிற் பழைய சீட்டின் திகதியையும் தொகையையும் மாற்றிவிடலாம். பொதுவாக ஏமாற்றுவோர் அவசரப்படுத்துவர்: புகையிரதம் புறப்படப்போகின்றது, லொறி வாசலில் நிற்கின்றது, படத்தைப் பார்த்தால் தெரியாதா என்பர். விற்பவர் தம் வங்கிச் செயலியைத் திறந்து மீதியைப் பார்த்தோ, வங்கிக்குத் தொலைபேசியிற் பேசியோ, பணம் கணக்கில் ஏறியிருப்பதைத் தாமே உறுதிசெய்தபின்னரே பெட்டியை ஏற்றுதல் வேண்டும். வங்கியிடமிருந்து வருவதுபோன்ற குறுஞ்செய்தியையும் பிறர் அனுப்பக்கூடுமாதலால், அதனை மட்டும் நம்புதலும் தகாது. காட்டோரக் கிராமங்களில் அலைவரிசை விட்டுவிட்டு வரும். ஆகையாற் பறிக்கும் காலையில் அன்றி முதல்நாள் மாலையிலேயே இச்சோதனையை முடித்துக்கொள்ளல் உத்தமம்.

கடன்பட்டிருப்போர் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். பயிர்க்கடன் நிலுவையிலுள்ள அதே வங்கியில் விற்பனைப் பணமும் வந்துசேர்ந்தால், கடன் ஒப்பந்தத்தில் இடமிருக்குமாயின் அவ்வங்கி அதனைக் கடனுக்குக் கழித்துக்கொள்ளலாம். கடனைத் தீர்ப்பது கடமையே. ஆனால் பெட்டி வாங்கவும் பறிகூலி கொடுக்கவும் வைத்திருந்த பணம் அறிவிப்பின்றிக் குறைந்துவிட்டால் அடுத்த கிழமை வியாபாரம் நின்றுவிடும். கணக்குத் தொடங்கும்போதே இதுபற்றி முகாமையாளரிடம் கேட்டு, விற்பனைக்கெனத் தனிக் கணக்கு வைத்திருத்தல் நலம். குடும்பச் செலவும் அக்கணக்கிற் கலவாதிருக்கும்.

கியூஆர் குறி

சிறு சதுரத்துள் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் நிறைந்த கியூஆர் குறியை இப்போது பல கடைகளிற் காணலாம். இதற்கு இலங்கை முழுவதற்கும் பொதுவான ஒழுங்கை இலங்கை மத்திய வங்கி லங்கா கியூஆர் என்னும் பெயரில் வகுத்துள்ளது. எந்த வங்கியின் செயலியை வைத்திருப்பவரும் அதே குறியை நோக்கிப் பணம் செலுத்தலாம் என்பதே அதன் சிறப்பு. கணக்கு இலக்கத்தைத் தவறாக எழுதும் இடர் இதில் இல்லை. விற்பவரிடம் ஒரு சிறு வீதம் கழிக்கப்படலாம். அது அட்டைக் கொடுப்பனவில் கழிக்கப்படுவதிலும் குறைவு. நடப்பு வீதத்தை வங்கியிற் கேட்டறிதல் வேண்டும்.

கியூஆர் குறி சந்தைத் திடலுக்கும் வீதியோர விற்பனைக்கும் மிகப் பொருத்தமானது. மடுத் திருத்தலத்திற்குச் செல்வோர் செட்டிகுளம் வழியாகப் போகையிற் பப்பாசியும் கச்சானும் வாங்குவர். 2024 ஆம் ஆண்டு மாசி மாதம் முதல் இந்தியப் பயணிகளும் தம் நாட்டு யூ.பி.ஐ. செயலிகளைக்கொண்டு லங்கா கியூஆர் வாயிலாகப் பணம் செலுத்த வழிசெய்யப்பட்டிருக்கின்றது. தமிழ்நாட்டிலே தள்ளுவண்டியிற் காய்கறி விற்பவரும் அவ்வாறே பணம் பெறுவதைச் சென்றுவந்தோர் கண்டிருப்பர்.

அட்டையில் அச்சிட்டுத் தொங்கவிடும் குறியின் மேல், வேறொருவர் தம் குறியை ஒட்டிவிட்டுச் செல்லும் மோசடியும் பல நாடுகளில் நடந்துள்ளது. காலையிற் கடை விரிக்கும்போது தம் குறிதானா என்று ஒருமுறை பார்த்தல் சிரமமன்று. வாங்குபவர் தம் திரையிற் காட்டும் பச்சை நிற அடையாளமும் பற்றுச்சீட்டுப் படத்தைப் போன்றதே.

கைத்தொலைபேசிப் பணமும் காசோலையும்

வங்கிக் கணக்கில்லாதோர் கைத்தொலைபேசி இலக்கத்தையே கணக்காகக்கொண்டு பணம் பெறும் ஈசி காஷ் சேவை இந்நாட்டில் 2012 ஆம் ஆண்டு தொடங்கியது. கென்யா நாட்டில் 2007 ஆம் ஆண்டு ஏற்பட்ட எம்-பெசா என்னும் இத்தகைய சேவை அங்குள்ள சிறு கமக்காரருக்குப் பெரிதும் பயன்பட்டதாயினும், இங்கே வங்கிக் கிளைகள் அணித்தாக இருப்பதால் இதனைத் துணைவழியாகக் கொள்ளலே போதும். சிறு தொகைகளுக்கு இது உதவும்.

காசோலை வீட்டு வாங்குநரிடமிருந்து வருவதில்லை; நெல்லை மொத்தமாக வாங்கும் ஆலைக்காரரும் வியாபாரிகளுமே அதனைக் கொடுப்பர். காசோலையின் படத்தை அனுப்பித் தீர்க்கும் முறை 2006 ஆம் ஆண்டில் வந்ததிலிருந்து, வைப்பிலிட்டதற்கு அடுத்த வேலைநாளில் அது மாறுமா திரும்புமா என்பது தெரிந்துவிடுகின்றது. ஆகவே அந்த ஒரு நாளும் நெல்லைத் தம் களஞ்சியத்திலேயே வைத்திருக்கக் கமக்காரர் கேட்டுக்கொள்ளலாம். பின்திகதியிட்ட காசோலையை வாங்குவது, பெயர் எதுவாயினும், கடனுக்கு விற்பதேயாகும். அதற்கேற்ற விலையும் அதற்கேற்ற ஆளும் அமைந்தாலன்றி அதனை ஏற்றல் கூடாது.

அட்டை மூலம் பணம் பெறுதல்

கடனட்டையாலும் பற்றட்டையாலும் இணையத்திற் பணம் செலுத்த வழிசெய்து கொடுக்கும் நிறுவனங்கள் உள. அவற்றிற் சேர, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவுசெய்த சான்று பொதுவாகக் கேட்கப்படும். ஒவ்வொரு கொடுப்பனவிலும் ஒரு வீதம் கழிக்கப்பட்டுச் சில நாட்களின் பின் மிகுதி கணக்கில் இடப்படும். அவ்வீதம் நூற்றுக்கு மூன்று எனக்கொண்டால், 2,000 ரூபாவிற்கு 60 ரூபா. சிறிதென்று தோன்றும். மேற்சொன்ன பப்பாசிக் கணக்கில் இலாபம் 600 ரூபாவே என்பதை நினைவுகூர்ந்தால், விலையில் நூற்றுக்கு மூன்று போவது இலாபத்தில் நூற்றுக்குப் பத்துப் போவதாகும் என்பது தெளிவாகும். அன்றியும், பொருள் கிடைக்கவில்லை என்று அட்டைக்குரியவர் தம் வங்கியில் முறையிட்டால், கொடுத்த பணம் பின்னொரு நாள் திருப்பி எடுக்கப்படவுங் கூடும். பொருள் ஒப்படைக்கப்பட்டதற்குக் கையொப்பம் அல்லது படம் வைத்திருப்பவரே அவ்வழக்கில் தப்புவர்.

ஆகவே தொடக்கத்திலேயே இதற்குச் செல்ல வேண்டியதில்லை. எனினும் ஒரு வகை வாங்குநருக்கு இது பயன்படும். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் பிள்ளைகள், வவுனியாவில் தனித்திருக்கும் தாய் தந்தையருக்கு மாதந்தோறும் அரிசியும் காய்கறியும் கொடுக்கும்படி கேட்பதுண்டு. அவர்களுக்கு அந்நாட்டு அட்டையே கைவசமுள்ள வழி. அத்தகைய வாடிக்கை பத்துப் பேராகப் பெருகியபின், வீதத்தையும் விலையிற் சேர்த்துக் கணக்கிட்டு, அட்டை முறையை ஆராயலாம். அதுவரையும் அவர்களின் உறவினர் ஒருவர் இங்கே ரூபாவில் வங்கிக் கணக்கிற்குச் செலுத்துவதே இரு சாராருக்கும் சிக்கனம்.

எந்த முறையிற் பணம் பெறினும், பெறுபவர் இரகசிய இலக்கத்தையோ, தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையோ எவருக்கும் கூறத் தேவையில்லை. பணம் அனுப்புவதற்காக அவ்விலக்கம் வேண்டும் என்று கேட்பவர் பணத்தை எடுக்கவே கேட்கின்றார். கணக்கு இலக்கம், கணக்குக்குரிய பெயர், வங்கி, கிளை ஆகிய நான்கும் போதுமானவை.

முன்பணம் பெற்றவரின் பொறுப்பு

பணத்தை முன்னரே கேட்கும் கமக்காரர், அதற்கு ஈடான நம்பிக்கையையும் அளித்தல் வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் தோட்டத்திற்குள் இறங்கவும் இயலாத நாட்கள் வரும். 2025 ஆம் ஆண்டு கார்த்திகை இறுதியில் வந்த டித்வா புயலின்போது நாட்டின் பல பாதைகள் துண்டிக்கப்பட்டன. அத்தகைய வேளையில், வாங்குபவர் கேட்குமுன்னரே நிலைமையை அறிவித்து, காத்திருக்க விருப்பமா, பணம் திரும்ப வேண்டுமா என வினாவுதல் முறை. திருப்பிக் கொடுக்கும் பணம் வந்த கணக்கிற்கே செல்லவேண்டும். தவறுதலாக வந்த பணம் எனக்கூறி வேறொரு கணக்கிற்கு அனுப்பும்படி கேட்கப்படின், வங்கியைக் கலக்காமல் அனுப்புதல் ஆகாது. முதன்முறை வாங்குபவர் தயங்குவாராயின், சிறு பெட்டியொன்றை முதலில் வாங்கிப் பார்க்கும்படி கூறலாம். பெட்டியைக் கட்டுமுன் எடுத்த படத்தை அவருக்கு அனுப்பினால், அழுகலைப்பற்றிப் பின்னர் எழும் பிணக்குகளும் குறையும்.

தொலைபேசியில் வந்த கேள்விகளையும் மறுமொழிகளையும் அழித்துவிடலாகாது. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, ஒரு செய்தி இலத்திரனியல் வடிவில் உள்ளது என்ற காரணத்தால் மட்டும் அதற்குச் சட்டவலு இல்லையெனத் தள்ளப்படுவதில்லை.

இவற்றோடு ஒரு சாதாரண கொப்பியும் வேண்டும். அதில் கேள்வி இலக்கம், வாங்குபவரின் பெயர், பொருளும் நிறையும், வரவேண்டிய தொகை, பணம் வந்த வழி, கணக்கிற் கண்ட திகதி, பொதி ஏற்றிய திகதி ஆகியவற்றை ஒரே வரியில் எழுதல் வேண்டும். வீட்டில் எழுத்து வேலையிற் பழகிய மகளோ மகனோ இதனைப் பொறுப்பேற்கலாம். ஒவ்வொரு மாலையும் கொப்பியையும் வங்கிக் கணக்கையும் ஒப்புநோக்குமிடத்து, "கணக்கிற் கண்ட திகதி" வெறுமையாயுள்ள வரி எதுவோ, அதற்குரிய காய் மறுநாட் காலையிற் செடியிலேயே இருக்கட்டும்.